சென்னையில் நின்று பார்க்கிற மாதிரி சிலை ஏதாவது இருக்கிறதா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "சென்னையில் எங்கு திரும்பினாலும் தலைவர்கள் சிலைதான். பெயரை மறந்துவிட்டு, சிற்பம் என்ற அளவில் நின்று பார்க்கிற மாதிரி வெளியில் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாமே மாலை போடுவதற்கு வைத்ததுதானா?"

இருக்கிறது. நிறைய இல்லை. என்னைக் கேட்டால் இரண்டைச் சொல்வேன்: மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை, தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிலையைவிட அதற்கு நேர்ந்த கதைதான் சுவாரசியமாக இருக்கும். அந்தக் கதைகளையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் சிலை வைப்பது ஒரு வேலை என்றால், வைத்த சிலையை எடுப்பது, மாற்றுவது, மறுபடி வைப்பது தனியாக ஒரு பெரிய வேலை.

முதலில் உழைப்பாளர் சிலை. அந்தப் பெயரில் பேருந்து நிறுத்தமே இருப்பதால் பல பேருக்கு அது ஒரு ஸ்டாப்பிங் பெயர், அவ்வளவுதான். இறங்கிப் போய்ப் பாருங்கள். நாலு ஆள், இடுப்பில் துணி, ஒரு பெரிய பாறை, அதை நெம்பி நகர்த்தப் பார்க்கிறார்கள். பாறை இன்னும் நகரவில்லை, ஆனால் நகரப் போகிறது, அந்த நொடியைச் சிற்பி பிடித்திருக்கிறார். இதில் யாருடைய முகமும் முக்கியமில்லை என்பதைக் கவனியுங்கள். முகத்துக்குப் பதில் முதுகு, தொடை, கெண்டைக்கால், கழுத்து நரம்பு என்று உடம்பு முழுக்கப் பேசுகிறது. அதனால் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், ஒரு முறை முழுசாகச் சுற்றி வாருங்கள். பின்பக்கமும் சும்மா விடப்படவில்லை. ஒரு கோணத்தில் பாறையின் எடை கூடித் தெரியும், இன்னொரு கோணத்தில் ஆட்களின் பலம் கூடித் தெரியும். நம் ஊரில் எத்தனை சிலையைப் பின்னாலிருந்து பார்த்து ரசிக்க முடியும்?

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர், 1899ல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ரங்க்பூர் பக்கம் பிறந்தவர், ஓவியத்தில் அபனீந்திரநாத் தாகூரின் மாணவர். சென்னைக்கு வந்து, இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி என்று இருக்கிறதே, அந்த ஓவியப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வராக ஏறக்குறைய முப்பது வருடம் இருந்தார், 1957ல் ஓய்வு பெற்றார். ஆள் மல்யுத்தம் செய்வார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், கதையும் எழுதுவார். அந்த மல்யுத்தக்காரரின் கண் இல்லாமல் இந்த நாலு உடம்பு இப்படி வந்திருக்காது என்பது என் எண்ணம். மாடலாக நின்றவர்கள் யாரோ பயில்வான்கள் இல்லை, அதே கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும்தான். 1959 ஜனவரி 25 அன்று, குடியரசு தினத்துக்கு முந்தின நாள், அப்போதைய ஆளுநர் விஷ்ணுராம் மேதி திறந்து வைத்தார்.

இந்த இடத்துக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. சிங்காரவேலர் 1923ல் இந்தியாவிலேயே முதல் முறையாக மே தினம் கொண்டாடினாரே, அதில் ஒரு கூட்டம் இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான் நடந்தது. சிலை வந்தது 36 வருடம் கழித்து. இப்போது மே 1 ஆனால் தொழிற்சங்கக்காரர்கள் அங்கே வந்து சேர்வதற்குக் கேட்கவா வேண்டும்.

சௌத்ரியின் கை வேலை ஊர் ஊராக இருக்கிறது. பாட்னா தலைமைச் செயலகம் எதிரில், 1942ல் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்களின் நினைவுச் சிற்பம் அவருடையது. டெல்லியில் சர்தார் படேல் மார்க்கில் காந்தி முன்னால் நடக்க பத்துப் பேர் பின்னால் வரும் 'கியாரா மூர்த்தி'யும் அவருடையதுதான். பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்த படம் ஞாபகம் இருக்கிறதா, அது அந்தச் சிற்பத்தைப் பார்த்து வரைந்தது. அப்புறம் மெரினாவிலேயே, ராதாகிருஷ்ணன் சாலை வந்து முடிகிற இடத்தில் நடக்கிற காந்தி, அதுவும் இவர் செய்ததே. அதை 1959ல் நேரு திறந்து வைத்தார். இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். காந்தி நல்ல சிலைதான், நடையில் ஒரு வேகம் இருக்கிறது, ஆனால் உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில் வைத்தால் எனக்குக் கொஞ்சம் அடக்கமாகத் தெரியும். காந்தி என்றால் யாருக்கும் தெரிந்த முகம், சிற்பிக்கு விளையாட இடம் குறைவு. பெயர் இல்லாத நாலு பேரிடம் அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், செய்துவிட்டார்.

நேரம் பற்றி ஒன்று. மெரினா சிலைகள் கடலுக்கு முதுகு காட்டிச் சாலையைப் பார்த்து, அதாவது மேற்கே பார்த்து நிற்கின்றன. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்குச் சூரியன் சிலைக்குப் பின்னால் இருக்கும், முகம் கறுத்துத்தான் தெரியும். முகமும் துணி மடிப்பும் பார்க்க வேண்டும் என்றால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். உழைப்பாளர் சிலைக்கு மட்டும் காலையும் நல்ல நேரம், ஏனென்றால் அதன் வெளிக்கோடே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

சரி, அந்த வரிசையில் இருக்கும் மற்றவர்கள்? 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தது, அண்ணா முதலமைச்சர். அப்போது பத்துச் சிலைகள் ஒரே மூச்சில் வந்தன: திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், வ.உ.சி., பாரதியார், பாரதிதாசன். கருத்து அளவில் எனக்கு இந்தப் பட்டியல் ரொம்பப் பிடிக்கும். ராஜா கிடையாது, தளபதி கிடையாது. கவிஞர்கள், தமிழ் படித்த மூன்று வெளிநாட்டுப் பாதிரியார்கள், கப்பல் விட்டுச் சிறைக்குப் போன ஒருவர், ஒரு காப்பியத்தின் கதாநாயகி. ஒரு மொழிக்காக ஒரு கடற்கரையை ஒதுக்கி, வெள்ளைக்கார கவர்னர்களின் சிலை ஊருக்குள் இருந்த காலம் போய் வெள்ளைக்காரத் தமிழறிஞர்களுக்குச் சிலை வைத்தார்கள், இது சின்ன விஷயம் இல்லை. பாரதிதாசன் இறந்து அப்போது நாலு வருடம்கூட ஆகவில்லை.

சிற்பமாகப் பார்த்தால்? ஏற்ற இறக்கம் உண்டு. வள்ளுவரும் கம்பரும் எப்படி இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அவர்கள் சாந்தமான பெரியவர்களாக வந்துவிட்டார்கள், பீடத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பார்த்தால் பெயர் மாற்றிச் சொன்னாலும் நம்பலாம். பாரதிக்குத் தலைப்பாகையும் மீசையும் போதும், அடையாளம் கிடைத்துவிடுகிறது. இந்தப் பத்தில் எனக்குப் பிடித்தது ஔவைதான். வயசான ஒரு பெண்ணுக்கு அலங்காரம் எதுவும் இல்லாமல் பொது இடத்தில் சிலை வைத்திருப்பதே அபூர்வம்.

கண்ணகி சிலையின் கதை எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். 2001 டிசம்பரில் ஒரு லாரி மோதிப் பீடம் சேதமானது என்று சொல்லிச் சிலையை எடுத்தார்கள். அப்போது ஜெயலலிதா ஆட்சி. வாஸ்து சரியில்லை என்று எடுத்ததாக ஊரெல்லாம் பேச்சு. அரசியலில் பெரிய ரகளை ஆனது, சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2006ல் ஆட்சி மாறியதும் கருணாநிதி அதே கடற்கரையில் ஜூன் 3 அன்று, தன் பிறந்தநாளில், மறுபடி நிறுத்தினார். கவனித்தீர்களா, இந்தச் சண்டை முழுவதிலும் சிலை நன்றாக இருக்கிறதா, செய்தது யார் என்று ஒருவர்கூடப் பேசவில்லை. சிலம்பைக் கையில் வைத்துக்கொண்டு அரசனிடம் நியாயம் கேட்கிற பெண், அவளை வைத்தே இரண்டு அரசு மாறி மாறி வழக்காடியது.

அதே 2006ல்தான் காந்தி சிலைக்கு எதிரே சாலை நடுவில் சிவாஜி கணேசன் சிலை வந்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு. வழக்கு பல வருடம் ஓடி, 2017 ஆகஸ்டில் ஒரு ராத்திரியில் எடுத்து அடையாறில் அவருடைய மணிமண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரசிகர்கள் வருத்தப்பட்டது நியாயம்தான், ஆனால் அந்த முக்கு ஒரு சிலைக்கே தாங்காத இடம். இன்றைக்கு யாரும் அப்படி ஒரு இடத்தில் வைக்கவே முடியாது: பொதுச் சாலை, நடைபாதை மாதிரி இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டது. அதனால்தான் இப்போது புதுச் சிலைகள் வளாகத்துக்குள்ளே போய்விட்டன. 2022ல் கருணாநிதி சிலை ஓமந்தூரார் தோட்டத்தில், 2023ல் வி.பி. சிங் சிலை மாநிலக் கல்லூரி வளாகத்தில். வெளியிலிருந்து தெரியும், ஆனால் சாலை இல்லை.

இனி மன்றோ. சென்னையில் இருப்பதில் சிற்ப வேலை என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் வரக்கூடியது உழைப்பாளர் சிலை ஒன்றுதான், வருத்தம் என்னவென்றால் யாராலும் சரியாகப் பார்க்க முடியாது. பீடம் அவ்வளவு உயரம், சுற்றிலும் வண்டி. சர் தாமஸ் மன்றோ 1820லிருந்து 1827 வரை சென்னை மாகாண கவர்னர், விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையோடு பெயர் சேர்ந்தவர், பதவியில் இருக்கும்போதே காலரா வந்து பத்திகொண்டாவில் இறந்தார். பொதுமக்களிடம் பணம் திரட்டி லண்டனில் பிரான்சிஸ் சான்ட்ரியிடம் சிலை செய்யச் சொன்னார்கள், கப்பலில் வந்து 1839ல் நிறுத்தப்பட்டது.

இந்தச் சிலையில் குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. உடனே ஒரு கதை, சிற்பி மறந்துவிட்டார், தப்பு தெரிந்ததும் தற்கொலை செய்துகொண்டார் என்று. சின்ன வயசில் சென்னைக்காரர்கள் எல்லாரும் கேட்டிருப்போம். சுத்தப் பொய். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையும் சான்ட்ரி செய்ததுதான், அதிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. லண்டன் ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் இருக்கும் வெலிங்டன் சிலையும் அவர் ஆரம்பித்ததுதான், அதுவும் அப்படியே. மூன்று முறையும் மறப்பாரா ஒரு மனுஷன்? ரோமில் மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர் குதிரை மேல் இருக்கும் வெண்கலச் சிலை ஒன்று உண்டு, ஐரோப்பியச் சிற்பிகளுக்கு அதுதான் பாடம். ரோமானியர்கள் காலத்தில் அங்கவடியே புழக்கத்தில் இல்லை, அதனால் அந்தச் சிலையிலும் இல்லை. கம்பெனி கவர்னரை ரோமானிய ஆளாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் சான்ட்ரி வேண்டுமென்றே விட்டது இது. அதை வைத்துக்கொண்டு பாருங்கள், கால் எதிலும் ஊன்றாமல் தொங்குகிறது, ஆனாலும் ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார், குதிரையும் பதற்றமில்லாமல் நிற்கிறது. ஆட்சி எங்களுக்கு எவ்வளவு சுலபம் என்று காட்டுகிற சிலை, அரசியல் பிடிக்காவிட்டாலும் வேலை வேலைதான். பார்ப்பதற்கு ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது, கிண்டல் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் மன்றோ அங்கேயே இருப்பதற்குக் காரணம் ஊரில் அவர் பேரில் பெரிய கோபம் இல்லாததுதான். கோபம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீல் சிலை இருக்கிறது. கர்னல் ஜேம்ஸ் நீல், மெட்ராஸ் ஃபூசிலியர்ஸ் படையோடு வடக்கே போய் 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் அலகாபாத், கான்பூர் பக்கம் ஆடிய வெறியாட்டத்துக்குப் பெயர் போனவர், லக்னோவில் செத்தார். அவருக்கு மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் பக்கம் 1861ல் சிலை வைத்தார்கள். 1927ல் அதை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது, சுத்தியலும் கோடாலியுமாகப் போய்த் தொண்டர்கள் கைதானார்கள், காமராஜர் எல்லாம் அதில் வேலை செய்திருக்கிறார். பத்து வருடம் கழித்து ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு 1937ல் எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் போட்டார்கள். உடைக்காமல், உருக்காமல் உள்ளே வைத்தார்களே, அதைப் பாராட்டலாம்.

இன்னொரு பழைய சிலை கார்ன்வாலிஸ், திப்பு சுல்தானோடு போரிட்ட கவர்னர் ஜெனரல். தாமஸ் பேங்க்ஸ் செய்த பளிங்கு, 1800ல் வந்தது, பீடத்தில் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி செதுக்கியிருக்கும். தேனாம்பேட்டையில் கார்ன்வாலிசுக்கு ஒரு நினைவு மண்டபமும் இருந்தது, செனடாப் ரோடு என்ற பெயர் அதனால் வந்ததுதான். சிலை பல இடம் மாறி இப்போது கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியில் இல்லாவிட்டாலும் அந்தச் செதுக்கலுக்காக ஒரு முறை போகலாம். ஒரு தகப்பனின் பிள்ளைகளை வாங்கிக்கொள்வதைப் பெருந்தன்மை மாதிரி காட்டியிருக்கிறார்கள், பார்த்தால் வயிறு எரியும்.

ஜெமினி மேம்பாலம் பக்கம் குதிரையை அடக்கும் மனிதன் சிலை இருக்கிறதே, அதைப் பல பேர் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தி.மு.க. ஆட்சியில் 1974ல் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்த ஞாபகத்துக்கு வைத்தது அது. 1996ல் உச்ச நீதிமன்றம் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தடை போனது, சிலை நிற்கிறது. ஆனால் தலைவர் உருவம் இல்லாத, மாலை விழாத, அசைவு உள்ள சிலை என்பதால் உங்கள் கேள்விக்கு இது பொருந்தும். போகிற போக்கில் ஒரு பார்வை போதும்.

முன்பு அண்ணா சாலையில் கருணாநிதிக்கு ஒரு சிலை இருந்தது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்த அன்று கும்பல் உடைத்தது. ஒரு இளைஞன் கடப்பாரையால் சிலையின் நெஞ்சில் குத்துகிற படம் பத்திரிகையில் வர, அந்தத் தம்பி முதுகில் குத்தவில்லை, நெஞ்சில்தான் குத்துகிறான், அதனால் நிம்மதி என்ற பொருளில் அவரே ஒரு கவிதை எழுதினார். பார்க்க முடியாத சிலைகளில் இதுதான் அதிகம் பேசப்பட்டது.

மற்ற சிலைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டால், காரணம் பாதி அவசரம், பாதி பொருள். வெண்கலச் சிலை என்றால் களிமண்ணில் உருவம் பிடித்து, பிளாஸ்டரில் அச்சு எடுத்து, மெழுகில் வார்த்து, அதைச் சுற்றி மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடைவெளியில் உலோகம் ஊற்றி, துண்டு துண்டாக வந்ததை ஒட்டிச் சீவ வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். பிறந்தநாள் தேதி குறித்துவிட்டு ஆர்டர் கொடுத்தால் சிமெண்டுதான் கிடைக்கும். கம்பி கட்டிய சிமெண்ட் சிலைக்குக் கடற்காற்று எமன்: உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிட இடம் அதிகம் எடுக்கும், உள்ளிருந்தே சிமெண்டைப் பிளக்கும். முதலில் போவது விரல், அப்புறம் கண்ணாடி, கைத்தடி. வெண்கலத்துக்கும் உப்பு பகைதான், மேலே படிகிற பச்சை நிறம் ஒரு அளவுக்குக் காப்பு, ஆனால் குளோரைடு உள்ளே புகுந்தால் வெளிர்ப்பச்சைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். இது ஒன்றும் தெரியாமல் விழாவுக்கு முன்னால் தங்கப் பெயிண்ட் அடிப்பார்கள் பாருங்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். வருடா வருடம் அடிக்கிற பெயிண்ட் கண்ணிமை, நகம், துணி மடிப்பு எல்லாவற்றையும் மூடி, கடைசியில் தோசைமாவில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதோடு மாலை போட ஏறும் நிரந்தர இரும்புப் படி. ஊர்ப்பக்கம் போனால் அம்பேத்கர் சிலைகளுக்கும் பெரியார் சிலைகளுக்கும் கம்பிக் கூண்டு. கூண்டு ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், சாதிக் கலவரம் தொடங்குவதற்கு ஒரு உடைந்த சிலை போதும் என்பதால் போலீசுக்கு அது வசதி. சிலையைப் பார்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

உருவச் சிலையே வேண்டாம், நவீனச் சிற்பம் வேண்டும் என்றால் ஊரைத் தாண்டி ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கம் போங்கள், சோழமண்டலம் ஓவியர் கிராமம். சௌத்ரியின் மாணவரும் அவருக்குப் பின் அதே கல்லூரிக்கு முதல்வராக இருந்தவருமான கே.சி.எஸ். பணிக்கர் 1966ல் சக கலைஞர்களோடு சேர்ந்து ஆரம்பித்தது. அங்கே மரத்தடியில் கருங்கல்லும் உலோகமுமாகத் திறந்தவெளியில் நிறைய இருக்கின்றன, தொட்டுக்கூடப் பார்க்கலாம் போலிருக்கும். ஊருக்குள் வந்திருக்க வேண்டிய வேலை அது. அதற்குப் பதில் ராணி மேரி கல்லூரி எதிரே 'நம்ம சென்னை' என்று எழுத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், செல்ஃபி எடுக்க நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றால் காலையில் கோட்டை அருங்காட்சியகம், அங்கிருந்து மன்றோ, மதியம் எழும்பூரில் நீல், நாலு மணிக்கு உழைப்பாளர் சிலையில் ஆரம்பித்துத் தெற்கே காந்தி வரை நடை. மெட்ரோ வேலையால் காந்தி சிலைப் பக்கம் தடுப்பு இருக்கலாம், குடியரசு தின அணிவகுப்பையே அதனால் 2023ல் உழைப்பாளர் சிலைப் பக்கம் மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், இரண்டு அருங்காட்சியகத்துக்கும் அன்றைக்கு விடுமுறை.